குழாய் சீறியதும்

என் வேதாகமத்துக்குள் ஆறு அட்டைகள் இருக்கின்றன. புத்தாண்டு ஆராதனை முடிந்து வெளியே வரும்போது எங்கள் சபையில் ஆளுக்கொன்று கொடுப்பார்கள். முன்பக்கத்தில் அந்த வருடத்துக்கான வாக்குத்தத்த வசனம், அதற்குக் கீழே 'என் தீர்மானங்கள்' என்று மூன்று கோடுகள். பின்பக்கத்தில் வருடத்தின் ஒவ்வொரு நாளுக்கும் ஒரு சின்னக் கட்டம். தீர்மானத்தை நிறைவேற்றிய நாளில் அந்தக் கட்டத்துக்குள் டிக் போட வேண்டும்.

ஆறு வருடமும் நான் எழுதிய தீர்மானம் ஒன்றுதான். காலை நாலே முக்காலுக்கு எழுந்து ஜெபம். தினமும் மூன்று அதிகாரம் படித்து, மீதியை டிசம்பரில் கூட்டிப் படித்து, வருடத்துக்குள் முழு வேதாகமத்தையும் முடிப்பது.

இனி பின்பக்கத்துக்கு வருகிறேன். மூன்று அட்டைகளில் டிக் ஜனவரி பதின்மூன்றோடு நிற்கிறது. மற்ற மூன்றில் பதினான்கோடு. அதற்குப் பிறகு ஒன்றுமே இல்லை. எந்த வருடமும் ஐந்தாம் தேதி நிற்கவில்லை. எந்த வருடமும் இருபதைத் தொடவில்லை. சோம்பேறித்தனம் என்றால் இவ்வளவு ஒழுங்காக இருக்காது. சோம்பேறித்தனம் அதன் இஷ்டத்துக்கு வரும், போகும். இது யாரோ தேதி குறித்து நிறுத்திவைத்தது போல இருந்தது.

எனக்குப் பொன்மலை ரயில்வே பணிமனையில் வேலை. பழுது பார்த்து முடித்த பெட்டிகளின் பிரேக்கைச் சோதித்துப் பார்க்கும் பிரிவு. பதினெட்டு வருடமாகப் பழுது தேடுவதுதான் பிழைப்பு. அப்படிப்பட்டவனுக்குத் தன் சொந்தப் பழுது பிடிபடவில்லை என்பது உறுத்திக்கொண்டே இருந்தது.

தேடாமல் இல்லை. முதலில் பொங்கலைச் சந்தேகப்பட்டேன். லீவு நாள், தாமதமாக எழுந்திருப்போம், அதில் விட்டுப்போயிருக்கும் என்று நினைத்தேன். அதற்காகவே ஒரு வருடம் பொங்கலன்று வேலைக்குப் பெயர் கொடுத்தேன். வேலைக்குச் சரியாகப் போனேன். ஜெபத்துக்கு எழவில்லை. அடுத்து, படிக்கும் பகுதி சலிப்பாக இருக்கிறதோ என்று பார்த்தேன். அதுவும் இல்லை. மூன்று மூன்றாகப் படித்தால் பதின்மூன்று நாளில் வேதாகமத்தின் முதல் புத்தகமான ஆதியாகமத்தில் முப்பத்தொன்பதாம் அதிகாரம் முடியும். பதினான்கு நாளில் நாற்பத்திரண்டு. அதாவது, அண்ணன்மாரே விற்றுவிட்ட யோசேப்பின் கதை நடுவில். சில வருடம் அவரைச் சிறையில் விட்டுவிட்டேன். சில வருடம் அவருடைய அண்ணன்மார் தானியம் வாங்க வந்து, எதிரே இருப்பது தங்கள் தம்பிதான் என்று தெரியாமல் நிற்கும் இடத்தில் விட்டுவிட்டேன். இதைவிட ஆவலான இடத்தில் யாரும் ஒரு புத்தகத்தை மூடிவைக்க முடியாது.

இன்னொரு விஷயம்தான் என்னை அதிகம் பயமுறுத்தியது. ஸ்ரீரங்கத்துக்குக் குடிவருவதற்கு முன் பன்னிரண்டு வருடம் பொன்மலை ரயில்வே குவார்ட்டர்ஸில் இருந்தோம். அந்த வருடங்களின் அட்டைகளையும் என் மனைவி பெலிண்டா பத்திரமாக ஒரு பிஸ்கட் டப்பாவில் வைத்திருக்கிறாள். எடுத்துப் பார்த்தேன். டிசம்பர்வரை டிக். அங்கங்கே ஓட்டை உண்டு, ஆனால் வருடம் முழுக்க ஓடியிருக்கிறது. மூன்று தடவை வேதாகமத்தை முடித்திருக்கிறேன். அதே ஆள், அதே கடிகாரம். இடம் மட்டும்தான் மாறியிருக்கிறது.

என் தங்கை பாக்கியமேரி இதைச் சுலபமாகத் தீர்த்துவைத்தாள். "பெருமாள் ஊர்ல போய் உக்காந்தீங்க, ஜெபம் போயிருச்சு. இதுல கண்டுபிடிக்க என்னண்ணே இருக்கு?" என்றாள். பெலிண்டாவுக்கு ஸ்ரீரங்கத்து ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை. அவள் நடந்து போகும் தூரம் என்பதால்தான் அம்மா மண்டபம் பக்கத்துச் சந்தில் இந்த மாடி வீட்டைப் பிடித்தோம். வேறு காரணம் எதுவும் இல்லை. தங்கை விளையாட்டாகச் சொன்னதுதான். ஆனாலும் அது என் மனதை விட்டுப் போகவில்லை. ஒருவேளை கர்த்தர் என்னைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளிவைக்கிறாரோ என்றுகூட நினைத்தேன்.

இந்த வருடம் அட்டையை வாங்கும்போதே, இதுவும் நின்றால் இனிமேல் தீர்மானம் என்று எதையும் எழுதுவதில்லை என்று முடிவு செய்திருந்தேன். பதினான்காம் தேதியோடு நின்றது.

அது நின்று இரண்டு வாரத்துக்குப் பிறகு, பிப்ரவரி முதல் ஞாயிறு, போதகர் மார்ட்டின் ஆராதனை முடிந்ததும் என்னைக் கூப்பிட்டார். ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலமான லெந்து காலம் வருகிறது, ஸ்ரீரங்கம், திருவானைக்கோவில் பக்கத்தில் நம் சபையார் எட்டுக் குடும்பம் இருக்கிறது, அத்தனை பேருக்கும் அதன் முதல் நாளான சாம்பல் புதன் தொடங்கி ஒரு நாள் விடாமல், காலை ஆறரைக்குள் அன்று படித்ததைப் பற்றி ஐந்து நிமிஷம் பேசி வாட்ஸ்அப்பில் அனுப்ப வேண்டும், அதற்கு நீங்கள்தான் சரி என்றார். யோசித்துச் சொல்வதாகச் சொல்லிவிட்டு வந்தேன். உண்மையில் யோசிக்க ஒன்றும் இல்லை. தன்னையே பதினைந்து நாள் எழுப்ப முடியாதவன் எட்டுக் குடும்பத்தை எப்படி எழுப்புவான்? பதினைந்தாம் தேதி ஞாயிறன்று முடியாது என்று சொல்லிவிடுவது, அத்தோடு நான் உறுப்பினராக இருக்கும் சபைக் குழுவிலிருந்தும் விலகிக்கொள்வது என்று தீர்மானித்தேன். இந்த வருடத்தில் நான் உறுதியாக எடுத்த ஒரே தீர்மானம் அதுதான்.

மறுநாள் மதியச் சாப்பாட்டின்போது மூக்கனிடம் சொன்னேன். மூக்கன் உப்பிலியபுரத்துக்காரர், என் பெஞ்சில் வேலை செய்பவர். எங்கள் சபையைப் பற்றி அவருக்கு எதுவும் தெரியாது. அதனாலேயே அவரிடம் சொல்வது சுலபமாக இருந்தது. அவர் டிபன் பாக்ஸை மூடிக்கொண்டே கேட்டார்.

"ஃபெயிலாகி வர்ற பெட்டியைப் பாத்து, இது கெட்ட பெட்டின்னு ரிப்போர்ட் எழுதுவீங்களாண்ணே?"

"எழுத மாட்டேன்."

"எங்க லீக்காகுதுன்னு தேடுவீங்கள்ல. பெட்டிக்கு ஒரு நியாயம், உங்களுக்கு ஒரு நியாயமா?"

தேடிப் பார்த்துவிட்டேன், கிடைக்கவில்லை என்றேன். அப்படியென்றால் தேடின இடம் தப்பு என்று சொல்லிவிட்டுக் கை கழுவப் போய்விட்டார்.

அந்த வாரம் புதன்கிழமை காலை ஐந்தரைக்கு வழக்கம்போலத் தண்ணீர் வந்தது. எங்கள் வீட்டுத் தண்ணீர் ஏற்பாட்டைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். கீழ் வீட்டில் வீட்டுக்காரர் ரங்கநாதனும் அவர் மனைவி ஆனந்தவள்ளி மாமியும் இருக்கிறார்கள். மாநகராட்சிக் குழாயிலிருந்து வரும் தண்ணீர் மாடிப்படிக்குக் கீழே உள்ள தொட்டியில் விழும். வால்வைத் திறந்துவிட்டால் நிறைய இருபத்தைந்து நிமிஷம் ஆகும். நிறைந்ததும் மூடாவிட்டால் சந்து முழுக்க ஓடும். ஒரு மிதவை வால்வு மாட்டினால் அது தானாக மூடிக்கொள்ளும், ஆள் நிற்க வேண்டாம். ரயிலுக்கே பிரேக் பார்க்கிற ஆளுக்கு ஒரு மிதவை மாட்ட வராதா என்று பெலிண்டா ஆறு வருடமாகக் கேட்கிறாள். நானும் அடுத்த ஞாயிறு, அடுத்த ஞாயிறு என்று தள்ளிக்கொண்டே வந்தேன். குடிவந்த அன்றே வால்வு என் பொறுப்பு என்று பேசிக்கொண்டோம். அதனால் தினமும் நான் கீழே இறங்கி வால்வைத் திறந்துவிட்டு, மொபைலைப் பார்த்தபடி நிற்பேன்.

அன்று மாமி வாசல் தெளித்துக்கொண்டிருந்தார். கண் இன்னும் சரியாகத் திறக்கவில்லை. அவரே சொன்னார்.

"மார்கழி முழுக்க அந்த ஸ்பீக்கர் எழுப்பிவிட்டுடும் ஸார். தை பொறந்து அதைக் கழட்டிண்டு போனதுலேர்ந்து நேக்கு விடிகாலம்பற எழுந்துக்கவே முடியலை. இப்போ குழாய் சீறினாத்தான் முழிப்பு வரது. மார்கழியில மாடி லைட் எரியறதைப் பாத்திருக்கேன், நீங்க எப்படித்தான் நாலே முக்காலுக்கு எழுந்துக்கறேளோ."

"நானும் எழுந்திருக்கிறதில்லைங்க மாமி," என்றேன். சொன்னதும் 'கழட்டிண்டு போனதுலேர்ந்து' என்ற அவர் வார்த்தை திரும்பக் காதில் விழுந்தது.

எங்கள் சந்து முனையில் சின்னதாக ஓர் ஆஞ்சநேயர் கோயில் இருக்கிறது. மார்கழி மாதம் முழுக்க அங்கே நாலரைக்கு ஸ்பீக்கர் போடுவார்கள். முதலில் யாரோ மைக்கைத் தட்டிப் பார்ப்பார்கள், பிறகு கரகரவென்று ஒரு சத்தம், பிறகு பாசுரம். நான் நாலே முக்காலுக்கு எழுந்து முழங்காலில் நிற்கும்போது அது உச்சத்தில் இருக்கும். எனக்கு அது பெரிய இடைஞ்சல். 'ஆண்டவரே, இந்தச் சத்தம் சீக்கிரம் ஓய்ந்தால் இன்னும் மனம் ஒன்றி ஜெபிப்பேன்' என்று ஜெபத்திலேயே சேர்த்துச் சொல்வதும் உண்டு.

இப்போது ரயில் பிரேக்கைப் பற்றி ஒரு விஷயம் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். காற்று வந்து அழுத்துவதால் பிரேக் பிடிக்கிறது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். பெட்டிக்குப் பெட்டி ஓடும் நீளக் குழாயில் நடப்பது அதற்கு நேர்மாறு. அந்தக் குழாயில் காற்று நிறைந்திருக்கும்வரை பிரேக் விட்டிருக்கும், வண்டி ஓடும். குழாயில் காற்று இறங்கினால்தான் பிரேக் பிடிக்கும். அதனால் ஓடுகிற வண்டி நின்றால், 'என்ன வந்து சேர்ந்தது?' என்று நாங்கள் கேட்பதில்லை. 'எது போனது?' என்றுதான் கேட்போம்.

ஆறு வருடமாக நான் கேட்டது முதல் கேள்வி. ஜனவரி நடுவில் என்ன வருகிறது? பொங்கல் வருகிறது, லீவு வருகிறது, சோர்வு வருகிறது. எது போகிறது என்று ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. மார்கழி போகிறது. அதோடு ஸ்பீக்கர் போகிறது.

நான் அலாரத்தில் எழுகிறேன் என்று நம்பிக்கொண்டிருந்தேன். உண்மையில் நாலரைக்கு மைக்கைத் தட்டும் சத்தமே என் தூக்கத்தை மெல்லியதாக்கிவிடும். கால் மணி நேரம் பொறுத்து அலாரம் அடிக்கும்போது நான் ஏற்கெனவே பாதி விழித்திருப்பேன். அந்தக் கால் மணி நேரம் இல்லையென்றால் அலாரம் ஆழ்ந்த தூக்கத்தில் போய் விழும். கை தானாக அதை அணைத்துவிடும். காலையில் அணைத்த ஞாபகம்கூட இருக்காது.

ஊகத்தோடு விடுவது எங்கள் பிரிவில் வழக்கமில்லை. மாமியிடம் பழைய பஞ்சாங்கம் இருக்கிறதா என்று கேட்டேன். ஒரு கிறிஸ்தவன் காலங்காத்தால பஞ்சாங்கம் கேட்கிறானே என்று அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். ஆனாலும் ஆறு வருடத்துப் பஞ்சாங்கத்தையும் எடுத்துக்கொண்டு வந்தார். படிக்கட்டில் உட்கார்ந்து ஒரு பக்கம் அட்டைகளையும் மறுபக்கம் அவற்றையும் வைத்தேன். தை முதல் நாள் மூன்று வருடம் ஜனவரி பதினான்கு, மூன்று வருடம் பதினைந்து. என் கடைசி டிக் ஒவ்வொரு வருடமும் அதற்கு முந்தின நாள். ஆறுக்கு ஆறு சரி. அட்டைகளில் பதின்மூன்றும் பதினான்குமாக மாறி மாறி வந்ததற்கும் அங்கேயே விடை இருந்தது. நான் இங்கிலீஷ் தேதியில் தேடிக்கொண்டிருந்தேன். என் ஜெபம் நின்றதோ தமிழ்த் தேதியில்.

குவார்ட்டர்ஸ் மர்மமும் அந்தப் படிக்கட்டிலேயே தீர்ந்தது. அங்கே விடியற்காலையிலேயே ஊதும் பணிமனைச் சங்கு இருந்தது. முதல் சங்குக்கு வேதாகமத்தைத் திறந்து, அடுத்த சங்குக்கு மூடுவேன். சங்குக்கு மார்கழி, தை என்று வித்தியாசம் கிடையாது.

பெலிண்டா நைட் டியூட்டி முடிந்து வந்ததும் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் செருப்பைக் கழற்றாமல் வாசற்படியிலேயே நின்று கேட்டாள். பிறகு சுவரைப் பிடித்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தாள்.

"ஆறு வருஷமா உங்களை ஜெபத்துக்கு எழுப்பினது அவங்க கோயில் ஸ்பீக்கர். அது நிக்கணும்னு வேற ஜெபம் பண்ணீங்க. பாருங்க, கர்த்தர் வருஷம் தவறாம கேட்டிருக்காரு."

நானும் சிரித்தேன். சிரிக்கச் சிரிக்கத்தான் தெரிந்தது, எவ்வளவு பெரிய பாரத்தைத் தூக்கிக்கொண்டு திரிந்தேன் என்று. கர்த்தர் என்னைத் தள்ளிவைக்கவில்லை. நான் பின்வாங்கிப்போனவன் இல்லை. யாரோ ஒருவர் ஒரு ஸ்பீக்கரைக் கழற்றி அடுத்த மார்கழிக்காகப் பெட்டிக்குள் எடுத்துவைத்திருக்கிறார், அவ்வளவுதான்.

இப்படி வெளிச் சத்தத்தால் நடந்த ஜெபம் உண்மையான ஜெபமா என்று ஒரு கேள்வி வந்தது. அதையும் யோசித்தேன். பெட்டி தன் காற்றைத் தானே உண்டாக்குவதில்லை. எஞ்சினிலிருந்து வருகிறது. அதற்காக வண்டி ஓடவில்லை என்று யாரும் சொல்வதில்லை. எழுப்பியது ஸ்பீக்கர், முழங்காலில் நின்றவன் நான்தான்.

பழுது தெரிந்தபின் ரிப்பேர். சத்தமான அலாரம் வாங்குவதில் பயனில்லை. அதையும் அணைக்கக் கை பழகிவிடும். எனக்கு வேண்டியது வருடம் முழுக்க வருவது, என்னைப் படுக்கையிலிருந்து நிஜமாகவே எழுப்பி நிற்கவைப்பது, என் மன உறுதியைக் கேட்காமலே நடப்பது. மூன்றும் சேர்ந்த ஒன்று ஏற்கெனவே என் வீட்டில் இருந்தது. ஆறு வருடத்தில் ஒரே ஒரு நாள்கூட நான் தண்ணீர் வால்வைத் திறக்கத் தவறியதில்லை.

குழாயில் தண்ணீர் வருவதற்கு முன் காற்று வரும். ராத்திரி முழுக்கக் காலியாகக் கிடந்த குழாய்க்குள் புகுந்த காற்றைத் தண்ணீர் தள்ளிக்கொண்டு வருவதால் மூடிய வால்வின் இடுக்கில் பாம்பு போலச் சீறும். அது மாமியின் ஜன்னலுக்கு நேர் கீழே. அவர் எழுந்து "தண்ணி வந்துடுத்து" என்று மாடியைப் பார்த்துக் குரல் கொடுப்பார். குழாய் ரிப்பேர், தண்ணீர் வராது என்றாலும், லாரிக்குக் குடம் எடுத்துவைக்கச் சொல்லி அதே நேரத்துக்குக் குரல் வரும். அதற்கு எழாமல் இருக்க முடியாது. இறங்கிப் போனால் இருபத்தைந்து நிமிஷம் நிற்கத்தான் வேண்டும். அந்த இருபத்தைந்து நிமிஷத்தை ஆறு வருடமாக மொபைலுக்குக் கொடுத்திருக்கிறேன். நாலே முக்கால் தவறிப்போனதால் அன்றைய நாளே போனது என்று நினைத்துக்கொண்டு.

இன்னொரு சின்ன லீக்கும் இருந்தது. ஒரு நாள் தவறினால் மறுநாள் ஆறு அதிகாரம், அதுவும் தவறினால் ஒன்பது என்று நானே ஏற்றிக்கொண்டே போவேன். மூன்றாம் நாள் புத்தகத்தைத் திறக்கவே பயமாக இருக்கும். இருபத்தைந்து நிமிஷத்தில் ஓர் அதிகாரத்தை நிதானமாகப் படித்து, அதைப் பற்றி ஜெபிக்கலாம். அந்த வேகத்தில் முழு வேதாகமத்துக்கும் மூன்று வருடம் மூன்று மாதம் ஆகும். ஆகட்டும். ஆறு வருடமாக ஆதியாகமத்தையே தாண்டாதவனுக்கு அது விரைவு வண்டி.

வியாழக்கிழமை காலை படிக்கட்டுக்குக் கீழே ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டேன். நாற்பத்து மூன்றாம் அதிகாரத்திலிருந்து தொடங்கினேன். மூன்றாம் நாள், சனிக்கிழமை, தொட்டியில் தண்ணீர் விழுந்துகொண்டிருக்கும்போது நாற்பத்தைந்துக்கு வந்தேன். அண்ணன்மாரிடம் யோசேப்பு தான் யாரென்று சொல்லி, பக்கத்து வீட்டுக்கெல்லாம் கேட்கும்படி அழுகிறார். ஆறு வருடமாக அவரைச் சொல்லவிடாமல் நிறுத்திவைத்திருந்தேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தபோது தொட்டி நிறைந்து காலடியில் தண்ணீர். மாமி துடைப்பத்தை எடுத்துக்கொடுத்தார்.

பதினைந்தாம் தேதி ஞாயிறு வருவதற்குள் பத்து நாள் சோதித்துவிட்டேன். பத்தும் டிக். போதகரிடம் போய்ச் சரி என்றேன். ஆனால் பேசும்போது பின்னால் தண்ணீர்ச் சத்தம் கேட்கும், அதை ஒன்றும் செய்ய முடியாது என்றும் சொன்னேன். அவருக்குப் புரியவில்லை. முழுக் கதையையும் சொன்னபோது சபை வாசலிலேயே சத்தமாகச் சிரித்தார். பிறகு, "விலகிடலாம்னு இருந்தீங்களா?" என்று மெதுவாகக் கேட்டார். ஆமாம் என்றேன். நல்லவேளை, போனது மார்கழிதான், நீங்கள் இல்லை என்று சொல்லி என் தோளைத் தட்டினார்.

அன்று மதியம் பெலிண்டா திரும்பவும் மிதவை வால்வைப் பற்றிப் பேச்செடுத்தாள். இனிமேல் அது வேண்டவே வேண்டாம் என்றேன். பிறகு இந்த வருட அட்டையை எடுத்து, ஜனவரியில் எழுதிய மூன்று வரியையும் அடித்துவிட்டு, பக்கத்தில் இருந்த இடத்தில் இப்படி எழுதினேன்:

குழாய் சீறியதும் கீழே இறங்க வேண்டும். வால்வைத் திறந்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்து, தொட்டி நிறைவதற்குள் ஓர் அதிகாரம் படித்து ஜெபிக்க வேண்டும். ஒரு நாள் தவறினால் மறுநாளும் ஓர் அதிகாரம்தான், இரண்டு இல்லை.